‘வெப்பத்துக்குப் பழகிய மேப்பிள்’ என்று சொல்லி விற்றார்கள்; 860 வெள்ளி போய்விட்டது

சிங்கப்பூரில் ஜப்பானிய மேப்பிள் போன்சாய் (தொட்டியில் குட்டையாக வளர்க்கும் குளிர்நாட்டு மரம்) வாங்க நினைப்பவர்களும், வாங்கிய மரம் வாடத் தொடங்கியதும் மர வைத்தியம் செய்து தருவதாகச் சொல்பவர்களிடம் பணம் கட்ட நினைப்பவர்களும் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். என் தாயார் 860 வெள்ளியை இழந்திருக்கிறார். மரத்துக்கு 580 வெள்ளி, அதே மரத்தைப் பிழைக்க வைப்பதாகச் சொல்லி வாங்கியது 280 வெள்ளி. மரம் பட்டுப்போய்விட்டது என்பது நேற்று மாலைதான் உறுதியானது. கோபம் ஆறிய பிறகு எழுதினால் நாகரிகம் கருதிப் பலவற்றை விட்டுவிடுவேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன். வாடும் மேப்பிளை எப்படிச் சோதிப்பது, எப்படிக் காப்பாற்ற முயல்வது என்பதையும் இறுதியில் விரிவாகச் சொல்கிறேன்.

விற்றவர் கடை வைத்திருப்பவர் அல்லர். தனிநபர்கள் பொருள் விற்கும் கைப்பேசிச் செயலி ஒன்றில் கணக்கு வைத்துக்கொண்டு, வாடகைக்கு எடுத்த சிறு இடத்தில் செடிகளை அடுக்கி வியாபாரம் செய்பவர். ‘வெப்பத்துக்குப் பழக்கப்பட்ட மேப்பிள், மூன்று ஆண்டுகளாகச் சிங்கப்பூரிலேயே வளர்கிறது’ என்று அவருடைய விளம்பரத்தில் இருந்தது. பாலர் பள்ளிச் சமையலறையில் பகுதிநேரமாக வேலை பார்த்துப் பணம் சேர்த்து வைத்திருக்கும் அம்மா, வீட்டு வாசல் தாழ்வாரத்தில் கறிவேப்பிலையும் துளசியும் மல்லிகையும் வளர்ப்பவர். கைவிரல்களை விரித்தது போன்ற அந்தச் சிவந்த இலைகளின் மீது அவருக்கு நீண்ட நாள் ஆசை இருந்தது. அந்த ஒற்றை வரியை நம்பித்தான் நாங்கள் அங்கே போனோம்.

நாங்கள் தயங்கி நின்றபோது அவர் செய்த ஒரு செயல் இன்னும் என் கண்ணை விட்டு அகலவில்லை. அம்மாவை அருகில் அழைத்து, அடிமரத்தின் பட்டையைக் கட்டைவிரல் நகத்தால் மெல்லக் கீறி, உள்ளே ஈரமாகத் தெரிந்த பச்சைப் படலத்தைக் காட்டினார். “பாருங்கம்மா, பச்சையா இருக்கா? உயிர் நல்லா இருக்குன்னு அர்த்தம். பட்டை பொய் சொல்லாதும்மா” என்றார். நான் வெயிலைப் பற்றிக் கேட்டதற்கு, “கரையோரப் பூந்தோட்டத்துல சக்குராவே பூக்குதே தம்பி, மேப்பிள் இருக்காதா?” என்று என்னையே திருப்பிக் கேட்டார். சக்குரா என்பது ஜப்பானியச் செர்ரிப் பூமரம். அம்மா அவரிடம், “நீங்களும் எனக்குப் பிள்ளை மாதிரிதான்யா, சரியாச் சொல்லுங்க” என்றார். “வாடுச்சுன்னா நானே வீட்டுக்கு வந்து பார்க்கிறேன்மா, சாமி சத்தியம்” என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார். செயலி வழியாகக் கட்டினால் கட்டணம் பிடிப்பார்கள் என்று கூறி, 580 வெள்ளியைப் பேநவ் என்ற கைப்பேசிவழிப் பணம் அனுப்பும் முறையில் நேராகத் தம் எண்ணுக்கு அனுப்பச் சொன்னார். அம்மா அங்கேயே நின்று அனுப்பினார்.

அந்தப் பச்சை உண்மையானதுதான், ஆனால் அது எதைச் சொல்கிறது என்பதில்தான் ஏமாற்று இருந்தது. இலையுதிர்க்கும் மரம் முந்தைய பருவத்தில் தயாரித்த மாவுச்சத்தைத் தண்டிலும் வேரிலும் சேமித்து வைத்திருக்கும். வேர் அழுகிக்கொண்டிருந்தாலும் அந்தச் சேமிப்பைச் செலவழித்துச் சில காலம் பட்டைக்கு அடியில் பச்சையாகவும் கிளைநுனியில் இலையாகவும் நிற்கும். ஆகவே அடிமரத்தில் கீறிப் பார்த்தால் அன்றைக்கு மரம் உயிரோடு இருக்கிறது என்பது மட்டுமே தெரியும், வேரின் நிலை தெரியாது. நலத்தை அறிய விரும்புபவர் நுனிக்கிளையிலிருந்து தொடங்கி, கீழ்நோக்கி இடம் இடமாகக் கீறிப் பார்க்க வேண்டும். அவர் அடிமரத்தில் மட்டும் கீறினார். தற்செயலாக அப்படிச் செய்தார் என்று நான் நம்பவில்லை.

சில நாள்களிலேயே இலைகளின் ஓரம் பழுப்பாகி மொறமொறத்தது. படம் அனுப்பியபோது, அது ஜப்பானில் இலையுதிர்காலம் என்றும், மரத்துக்கு அந்த நினைவு இருக்கும் என்றும் பதில் எழுதினார். அடுத்து இலைகள் தொங்கியபோது தண்ணீர் போதவில்லை என்றார். தண்ணீரைக் கூட்டிய பிறகும் தொங்கியபோது தண்ணீர் அதிகமாகிவிட்டது என்றார். மண் ஈரமாக இருக்கும்போதே இலை தொங்கினால், நீரை மேலே ஏற்றும் வேர் செயலிழந்துவிட்டது என்பதே முதல் ஐயமாக இருக்க வேண்டும். செடி விற்றுப் பிழைப்பவருக்கு இது தெரியாமலிருக்க வழியில்லை. வீட்டுக்கு வந்து பார்ப்பதாகச் செய்த சத்தியத்தை அம்மா நினைவூட்டியபோது, வருவதற்குத் தனிக்கட்டணம் உண்டு, ‘முழு வைத்தியம்’ 280 வெள்ளி என்று செய்தி வந்தது. மரத்தின் மீதிருந்த பரிவினால் அம்மா அதையும் அனுப்பினார். அப்போது மொத்தம் 860 வெள்ளி ஆயிற்று.

அந்த வைத்தியத்தை நான் நேரில் பார்த்தேன். மண்ணின் மேல் உரக்குருணைகளைத் தூவினார், ‘வேர் டானிக்’ என்று பெயரில்லாத புட்டியிலிருந்து ஏதோ ஊற்றினார், மேலே பாசியை அழுத்திப் பதித்தார், தினமும் பனிக்கட்டி வைக்கச் சொன்னார், தொட்டிக்கு அடியில் தட்டு வைத்து எப்போதும் நீர் நிறைத்திருக்கச் சொன்னார். வேரை எடுத்துப் பார்க்கவே இல்லை. உறிஞ்ச வேரில்லாத மரத்துக்கு உரமிட்டால், உப்புச் செறிவு எஞ்சியிருக்கும் மெல்லிய வேர்களையும் கருக்கிவிடும். பாசிப் போர்வை ஈர மண்ணை உலரவிடாமல் அழுகலை வளர்க்கும். டெங்கி பரவும் இந்த ஊரில் ஒரு வீட்டில் தட்டு நிறைய நீர் தேக்கச் சொல்வது கொசுவுக்கு இடம் கொடுப்பதாகும். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் சோதனையில் கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால் அபராதம் கட்டப்போவது வீட்டுக்காரர்தான்.

பனிக்கட்டி யோசனை இன்னும் மோசமானது. ஜப்பானிய மேப்பிளுக்கு ஆண்டுதோறும் குளிர்கால உறக்கம் தேவை. ஏறத்தாழ 7 டிகிரி செல்சியசுக்குக் கீழ், பல வாரங்கள், முழு மரமும் குளிர வேண்டும்; தொட்டியில் வைக்கும் பனிக்கட்டியால் அது நடக்காது. பூமத்தியரேகைக்கு 1.3 டிகிரி வடக்கே உள்ள சிங்கப்பூரில் இரவு வெப்பநிலை பெரும்பாலும் 24, 25 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை, பகல் பொழுதின் நீளமும் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேரமாகவே இருக்கிறது. உறங்கு என்று மரத்துக்குச் சொல்லும் குளிரும் இல்லை, குறுகும் பகலும் இல்லை. உறங்காத மரம் சேமிப்பைத் தின்று தின்று ஒவ்வொரு தளிர்ப்பிலும் மெலிந்துகொண்டே போகும். கரையோரப் பூந்தோட்டத்தில் உள்ள, குளிரூட்டப்பட்ட கண்ணாடிக் கூடமான மலர்க் குவிமாடமே 23 முதல் 25 டிகிரியில்தான் வைக்கப்பட்டிருக்கிறது. சக்குரா அங்கே ஒரு பருவக் காட்சியாக, அதற்கென்று ஏற்பாடு செய்து வைக்கப்படுகிறது. அதைக் காட்டி, தாழ்வாரத்தில் மேப்பிள் வாழும் என்று ஒரு மூதாட்டியிடம் வாதாடியவர் பொய் சொன்னார் என்றே நான் எழுதுகிறேன்.

வைத்தியத்துக்குப் பிறகு எஞ்சிய இலைகளும் கொட்டின. செய்திகளுக்கு இரண்டு நீலக்குறி மட்டும் தெரிந்தது, பதில் வரவில்லை. பிறகு, “வெளிநாட்டில் இருக்கிறேன்.” அதற்குப் பிறகு, “உயிருள்ள பொருளுக்கு உத்தரவாதம் கிடையாது.” இந்த வாக்கியத்தை விற்கும்போது சொல்லியிருக்கலாமே! கடைசியில் அம்மாவின் எண்ணையே தடைசெய்துவிட்டார். செயலியின் வாடிக்கையாளர் சேவையோ, பணம் செயலிக்கு வெளியே செலுத்தப்பட்டதால் உதவ இயலாது என்ற ஒரே பதிலை, நான் எப்படிக் கேட்டாலும் சொல் மாறாமல் அனுப்பியது.

உண்மையைக் கண்டுபிடித்தவர் எங்கள் பக்கத்துப் புளோக்கில் சுய் மெய் என்ற வெப்பமண்டல மரத்தைப் போன்சாயாக வளர்க்கும் சீனப் பெரியவர். ஒரு காசும் வாங்கவில்லை. அம்மாவும் அவரும் மலாயில் பேசிக்கொண்டே தொட்டியிலிருந்து மரத்தை எடுத்தார்கள். மேலே இரண்டு விரல் ஆழத்துக்கு மட்டும் அகடாமா எனப்படும், நீர் வடியும் ஜப்பானியக் களிமண் மணிகள், அதற்குக் கீழே முழுவதும் களிமண் போலப் பிசுபிசுத்த கறுப்பு மண், புளித்த நாற்றம். வேரை விரலால் இழுத்தபோது மேல்தோல் உறை போலக் கழன்று வந்து, உள்ளே நூல் மட்டும் மிஞ்சியது. வேரழுகலின் தெளிவான அடையாளம் அது. ஒரு கிளையை வெட்டிக் குறுக்காகப் பார்த்தார். வெர்டிசிலியம் என்ற பூஞ்சை நோயாக இருந்தால் மரத்தின் உட்பகுதியில் கரும்பச்சையாகவோ பழுப்பாகவோ கறை தெரியக்கூடுமாம், அது இல்லை. பிறகு தடித்த வேர்களின் வெட்டுமுனைகளைக் காட்டினார். வெட்டிய இடத்திலிருந்து ஒரு மெல்லிய வேர்கூடப் புதிதாகப் புறப்படவில்லை, மேலே இருந்த அகடாமாவுக்குள் ஒரு வேரும் நுழையவில்லை. மூன்று ஆண்டுகள் இங்கே வளர்ந்த மரத்தின் வேர் அப்படி இருக்காது. தோண்டி, வேரை வெட்டி, தொட்டிக்குள் திணித்து, மேலே அழகாக அகடாமா தூவி விற்றிருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து செடியைக் கொண்டுவருவதற்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும், அதற்குப் பொறுப்பு தேசியப் பூங்காக் கழகம். அந்தச் சான்றிதழைக் காட்டும்படி வைத்தியத்துக்குப் பிறகு நான் கேட்டபோதுதான் விற்றவர் ‘வெளிநாட்டுக்குப் போனார்’.

பெரியவர் அழுகிய வேர்களை நீக்கி, நீர் தேங்காத நுரைக்கல் மணிகளில் நட்டு, உரமில்லாமல், காலை ஒளி மட்டும் படும் நிழலில் வைத்தார். முதலிலேயே இதைச் செய்திருந்தால் ஒரு வாய்ப்பு இருந்திருக்கலாம் என்றார். நேற்று நுனியிலிருந்து அடிவரை கீறிப் பார்த்தோம். எங்கும் உலர்ந்த பழுப்பு. அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். 860 வெள்ளியைவிட, கையெடுத்துக் கும்பிட்ட ஒருவர் தம்மை ஏமாற்றினார் என்பதுதான் அவரால் தாங்க முடியாததாக இருக்கிறது.

விரிவாகச் சொல்வதாக எழுதியிருந்தேன். அதற்கு இப்போது மனம் இல்லை. அவசரமாகச் சில மட்டும் சொல்கிறேன். தொட்டியிலிருந்து வேர்ப்பந்தை எடுத்துக் காட்ட மறுப்பவரிடம் போன்சாய் வாங்காதீர்கள். வாடிய மரத்துக்கு வேரைப் பார்க்காமல் உரமோ டானிக்கோ ஊற்ற வருபவருக்கு ஒரு வெள்ளியும் கொடுக்காதீர்கள். குளிர்பெட்டியில் வைத்து உறங்க வைக்கலாம் என்று யாராவது சொன்னால், நலமான, இலை உதிர்ந்த மரத்தில் மட்டுமே அதை முயலலாம், வேரழுகிய மரம் உள்ளேயே செத்துப்போகும் என்பதை அறிந்துகொள்ளுங்கள். இந்த ஊர் வெப்பத்துக்கு சுய் மெய், பைகஸ் (ஆல், அத்தி இன மரங்கள்), காகிதப்பூ, புளி ஆகியவை இருக்கின்றன. பணத்தைச் செயலிக்கு வெளியே அனுப்பாதீர்கள். விற்பவரின் சட்டப்படியான பெயரையும் முகவரியையும் முதலிலேயே வாங்கி வையுங்கள். சிறு கோரிக்கை மன்றத்தில் வழக்குப் போட அவை வேண்டும், எங்களிடம் இருப்பது ஒரு புனைபெயரும் தடைசெய்யப்பட்ட எண்ணும்தான். பயனீட்டாளர் சங்கத்திடமும் புகார் கொடுக்கப் போகிறோம்.

இன்று காலை அதே செயலியில், வேறு பெயரில், அதே மேசையின் மேல் வைத்து எடுத்த படத்துடன் இன்னொரு மேப்பிள் விற்பனைக்கு வந்திருக்கிறது. நீல நிற நீள்வட்டத் தொட்டி, சிவப்பு இலை, அதே ‘மூன்று ஆண்டுகளாகச் சிங்கப்பூரிலேயே’. விலை 640 வெள்ளி. அதை வாங்க யாராவது நேரம் குறித்திருந்தால் போகாதீர்கள்.