மரண தண்டனை ஒழிப்பு: சாதாரணச் சட்டமா, மாநில அரசமைப்பா?

அமெரிக்காவில் ஒரு மாநிலம் தூக்குமேடையை ஒழிக்க இரண்டு முக்கிய வழிகள் உண்டு: சட்டமன்றம் இயற்றும் சாதாரணச் சட்டம், அல்லது மாநில அரசமைப்பிலேயே எழுதப்படும் தடை. நெப்ராஸ்கா சாதாரணச் சட்டத்தை நம்பியது. 2015 மே மாதம், ஆளுநர் ரிக்கெட்ஸின் வீட்டோவை (மறுப்பை) 30-19 என்ற வாக்குகளில் முறியடித்து, சட்டமன்றம் மரண தண்டனையை நீக்கியது. வேண்டிய பெரும்பான்மையே 30தான். ஒரு வாக்கு குறைந்திருந்தாலும் தோல்வி. அந்த உறுப்பினர்களின் துணிவை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தச் சட்டத்தை மக்கள் வாக்கெடுப்புக்கு விடக் கோரி எதிர்த்தரப்பு கையெழுத்து திரட்டியது. அந்த முயற்சிக்கு ஆளுநரே சொந்தப் பணம் கொடுத்தார். 2016 நவம்பர் வாக்கெடுப்பில் சுமார் 61 சதவீதத்தினர் தண்டனையை மீட்டனர். 2018 ஆகஸ்டில் ஒருவரின் உயிர் விஷ ஊசியால் பறிக்கப்பட்டது.

மிச்சிகன் 1846லேயே கொலைக்கு மரண தண்டனையைச் சட்டத்தால் நீக்கியிருந்தது. 1963இல் மக்கள் ஏற்ற அரசமைப்பில், மரண தண்டனை விதிக்கும் எந்தச் சட்டமும் இயற்றப்படக் கூடாது என்று ஒற்றை வரியில் எழுதி வைத்தது. இனி சட்டமன்றம் மட்டும் நினைத்தால் அதை அசைக்க முடியாது. மாநிலம் முழுவதும் வாக்களிக்க வேண்டும்.

என் தேர்வு அரசமைப்புதான். அதுவும் அசைக்க முடியாத அரண் அல்ல: 1964இல் அரசமைப்புத் திருத்தத்தால் ஒழித்த ஓரிகன், 1984இல் மற்றொரு திருத்தத்தால் தண்டனையை மீண்டும் உள்ளே கொண்டுவந்தது.