பையா, ஐஸ் பெட்டியா, மின்கொப்பரையா?

டப்பாவில் வரும் மால்ட் பாகை நீரில் கரைத்துப் பீர் காய்ச்சிப் பழகியவர்கள், முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட்டையே ஊறவைத்துச் சாறெடுக்கும் நிலைக்கு வரும்போது முதலில் கேட்பது, எந்தக் கருவியை வாங்குவது என்பதைத்தான். அதற்குக் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் குளிர்நாட்டு வீடொன்றின் விசாலமான கராஜை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. கோலாலம்பூரின் செந்தூலில் பதினோராவது மாடியில், சமையலறையையும் துணி உலர்த்தும் சிறு யார்டையும் மட்டும் நம்பியிருக்கும் என்னைப் போன்றவருக்கு அவற்றில் பாதி பொருந்தாது என்பதை, பை, ஐஸ் பெட்டி, மின்கொப்பரை என்ற மூன்று முறைகளையும் செய்து பார்த்த பிறகே உணர்ந்தேன்.

மூன்றிலும் அடிப்படை ஒன்றுதான். 20 லிட்டர் பீருக்கு ஏறத்தாழ 5 கிலோ உடைத்த மால்ட் வேண்டும். அதை 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால், தானியத்திலுள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிவிடும். இதைத்தான் மாஷ் என்கிறார்கள். 65 டிகிரியை ஒட்டி நிறுத்தினால் பீர் இலேசாகவும் இனிப்பு குறைந்தும் வரும். 68-ஐ ஒட்டினால் கனமாக வரும். அந்த வெப்பத்தை எப்படிக் காப்பது, சக்கையிலிருந்து சாற்றை எப்படிப் பிரிப்பது என்ற இரண்டில்தான் முறைகள் வேறுபடுகின்றன.

ஐஸ் பெட்டி முறை மூத்தது. மீன்பிடிக்கப் போகிறவர்கள் கொண்டுசெல்லும் தடித்த சுவருள்ள பெட்டியின் அடியில் சல்லடைக் குழாயும் திறப்பானும் பொருத்திக்கொள்ள வேண்டும். கிலோவுக்கு 3 லிட்டர் என்ற கணக்கில் வெந்நீர் ஊற்றி மூடிவிட்டால், ஒரு மணி நேரத்தில் ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் இறங்காது. தானியப் படுகையே வடிகட்டியாக வேலை செய்வதால், முதலில் வரும் கலங்கலை மீண்டும் மேலே ஊற்றிவிட்டால் பிறகு தெளிந்த சாறு இறங்கும். இந்தத் தெளிவில் மற்ற இரண்டும் இதற்கு ஈடாகாது. ஆயினும் சக்கையை அலசும் வெந்நீருக்கு ஒரு பானை, சாற்றைக் கொதிக்கவைக்க இன்னொரு பானை என மூன்று கலங்கள் சேர்ந்துவிடுகின்றன. கோதுமையோ ஓட்ஸோ மிகுந்தால் படுகை களிபோல் இறுகி வடிவது நின்றுவிடும். அப்போது உமி கலக்க வேண்டும். கெடாவில் நெல்லுக்குப் பஞ்சமில்லை என்றாலும், நகரத்துக்குள் சுத்தமான உமி தேடுவது தனி வேலை. மேலும், குளிருக்காகச் செய்யப்பட்ட மலிவான பெட்டிகள் 72 டிகிரி நீரைத் தாங்குவதில்லை: என் முதல் பெட்டியின் உட்சுவர் இரண்டாம் முறையிலேயே அப்பளம்போல் உப்பி, மூடி பொருந்தாமல் போனது.

வெப்பத்தைக் காப்பதுதான் ஐஸ் பெட்டியின் பெரிய வலிமை என்பதால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் வீட்டில் மால்ட்டும் அறைக்காற்றும் எப்போதும் 30 டிகிரியை ஒட்டியே இருக்கின்றன. சாதாரணப் பானையைப் பழைய போர்வையால் சுற்றி வைத்தாலே ஒரு மணி நேரத்தில் இரண்டு மூன்று டிகிரிதான் இறங்குகிறது. ஆகவே குளிர்நாட்டில் அந்தப் பெட்டிக்கு இருக்கும் மதிப்பு இங்கே கணிசமாகக் குறைந்துவிடுகிறது.

இதனால் பயனடைவது, ஆஸ்திரேலிய வீட்டுக் காய்ச்சலாளர்கள் பரப்பிய பை முறை. ஒரே பானையில் முழு நீரையும் ஊற்றி, துணிப்பைக்குள் மால்ட்டைக் கொட்டி ஊறவைத்து, பையைத் தூக்கிவிட்டு அதே பானையிலேயே கொதிக்கவைக்கலாம். 5 கிலோ மால்ட்டுக்கு 29 லிட்டர் நீர் என்றால், தொடக்க நீர் 70 டிகிரிக்குச் சற்றுக் கீழே இருந்தால் போதும், மாஷ் 67-இல் வந்து நிற்கும். தானியமும் சேர்ந்தால் 32 லிட்டரைத் தாண்டும் என்பதால் 40 லிட்டர்ப் பானை வேண்டும். பைக்கு ஏற்றது ‘வாயில்’ (voile) எனப்படும், திரைச்சீலைக்கான மெல்லிய பாலியெஸ்டர் துணி. மஸ்ஜித் இந்தியா துணிக்கடையில் இரண்டு மீட்டர் வாங்கித் தையற்காரரிடம் கொடுத்தபோது, எதற்கு என்று அவர் கேட்டார். பெரிய டீ வடிகட்டி என்றேன், அது முழுப் பொய்யும் அல்ல.

துணியே வடிகட்டுவதால் மால்ட்டைச் சற்று நைசாக உடைக்கலாம், படுகை இறுகும் கவலையும் இல்லை. மிக்ஸியில் அடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு, வேண்டாம் என்பதே என் பதில்: உமித்தோல் தூளாகிச் சாற்றில் கலங்கலும் துவர்ப்பும் ஏறும். இந்த முறையின் உண்மையான குறை எடைதான். நனைந்த பை 10 கிலோவைத் தொடும். அது சொட்டி முடியும்வரை எங்காவது தொங்கவேண்டும். யார்டின் துணிக்கொடிக் கம்பியை நம்பி ஒருமுறை கட்டிவிட்டேன். கயிறு நழுவிப் பை பானைக்குள் விழ, சுடுசாறு தரையெங்கும் தெறித்தது. நல்லவேளையாக எட்டி நின்றிருந்தேன். துடைத்து முடிப்பதற்குள் எறும்புகள் வரிசை கட்டிவிட்டன. அதன்பிறகு இரண்டரைக் கிலோ மால்ட்டில் 10 லிட்டர் காய்ச்சுவதையே வழக்கமாக்கிக்கொண்டேன். அந்தப் பையை ஒரு கையால் தூக்கி, பானையின் மேல் வைத்த சல்லடைத் தட்டில் அமர்த்திவிடலாம்.

மூன்றாவது, ஊறவைப்பது முதல் கொதிக்கவைப்பது வரை எல்லாம் ஒரே கலத்தில் முடியும் மின்சாதனம். வசதிக்காக மின்கொப்பரை என்கிறேன். நியூசிலாந்தின் கிரெயின்ஃபாதர் 2,000 வாட், பிரூசில்லாவின் 35 லிட்டர்க் கலம் 2,400 வாட். நம் 13 ஆம்பியர் மூன்று முள் பிளக் ஏறத்தாழ 3,000 வாட்வரை தாங்கும் என்பதால் தனி மின்கம்பி இழுக்கத் தேவையில்லை. ஆனால் சுவர்ப் பிளக்கில் நேரே செருக வேண்டும், மெல்லிய நீட்டிப்புக் கம்பியில் அல்ல. உள்ளிருக்கும் பம்பு சாற்றைச் சுழற்றிக்கொண்டே இருப்பதாலும், சொன்ன வெப்பத்தில் அதுவே நிறுத்துவதாலும், 52, 65, 72 எனப் படிப்படியாக ஏற்றும் மாஷுக்கு இதைவிட எளிய வழி கிடையாது. குழாய்நீரே 28 டிகிரியில் வருவதால், 30 லிட்டரை 70-க்கு ஏற்ற 2,400 வாட்டில் சுமார் 40 நிமிடந்தான் ஆகிறது. விலையோ ஆயிரக்கணக்கில் போகிறது. பம்பைக் கழுவுவது சலிப்பூட்டும் வேலை. மாவு அடியில் படிந்து கருகினால் வெப்பப் பாதுகாப்பு துண்டித்து, கொதி பாதியில் நிற்கும்.

இவ்வளவு ஒப்பிட்ட பிறகும், கோலாலம்பூரில் பீரின் சுவையைத் தீர்மானிப்பது இம்மூன்றும் அல்ல, கொதித்த சாற்றைக் குளிர்விப்பதுதான் என்பதே என் கருத்து. சாற்றுக்குள் இறக்கிய செம்புச் சுருளில் குழாய்நீர் ஓடவிட்டால் சாறு 35 டிகிரியை ஒட்டி நின்றுவிடும். ஏல் வகைப் பீருக்கான வழக்கமான ஈஸ்ட்டுக்கு 20 வேண்டும். ஐஸ்நீரை மீன்தொட்டி மோட்டாரால் சுருளுக்குள் சுழற்றலாம்: 20 லிட்டரை அந்த 15 டிகிரி இறக்கக் கணக்குப்படி 3 கிலோ ஐஸ், நடைமுறையில் அதைப்போல் இருமடங்கு. அல்லது சுடச்சுடக் கெட்டியான பிளாஸ்டிக் ஜெர்ரிகேனில் அடைத்து இரவு முழுவதும் ஆறவிடலாம். சூடு நீடிப்பதால் கசப்புக்கும் மணத்துக்கும் சேர்க்கும் ஹாப்ஸ் பூவைக் கடைசியில் போட்டாலும் அது கசப்பைக் கூட்டும் என்பதை முன்கூட்டியே கணக்கில் கொள்ளவேண்டும். நொதிக்கும் நாள்களிலும் ஈஸ்ட்டின் வேலையால் சாறு தானாகச் சில டிகிரி சூடேறும். 30 டிகிரி அறையில் ஏல் ஈஸ்ட்டை விட்டால் தொண்டையைச் சுடும் சாராயக் காட்டம் வந்துவிடும். நார்வேயின் கிவைக் ஈஸ்ட்டுகள் இதற்கு விலக்கு. வோஸ் வகை 35-க்கு மேலும் சுத்தமாக நொதித்து, ஆரஞ்சுத் தோல் மணத்தைத் தருகிறது.

எனவே முற்றம் உள்ள வரிசை வீட்டில் மாதமொருமுறை 40 லிட்டர் காய்ச்சுபவருக்கு நல்ல ஐஸ் பெட்டியும், கையில் பணமிருந்தும் பொழுதில்லாதவருக்கு மின்கொப்பரையும் பொருந்தும். அடுக்குமாடியில் இருப்பவர் பையை எடுத்துக்கொண்டு, மிச்சப்படும் ரிங்கிட்டில், பீரைக் குளிரில் நொதிக்கவைக்கப் பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்றும் அதன் மின்சாரத்தை நிறுத்தித் திறக்கும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் வாங்கிக்கொள்வதே நல்லது. பையை மற்றத் துணிகளோடு யார்டிலேயே உலர்த்திவிடலாம். சக்கையை மட்டும் அன்றிரவே கீழே கொண்டுபோய்ப் போட்டுவிட வேண்டும், இந்த வெப்பத்தில் விடிவதற்குள் அது புளித்துத் தாழ்வாரம் முழுவதும் நாறத் தொடங்கிவிடும்.