போரா, ஊத்தா, தொட்டியா? உப்புத்தண்ணி ஊர்ல ஒரு குடும்பச் சண்டை

சாயல்குடிக்குத் தெக்க, கடலோரம் எங்க ஊரு. நான் ராமநாதபுரம் டவுன்ல இருக்கேன். பழைய வீட்டை இடிச்சுக் கட்டும்போது குடிதண்ணிக்கு என்ன பண்றதுன்னு பெரிய பஞ்சாயத்து. தம்பி போர் போடலாம்னான், நான் மழைத்தண்ணித் தொட்டின்னேன், அப்பத்தா "ஊத்து இருக்கையில எதுக்குடா இந்தக் கூத்து"ன்னுச்சு.

சத்தமா பேசுனவன் தம்பி, அதனால மொதல்ல போர். 180 அடி போனோம், டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்சு கிடக்குற உப்போட அளவு) 4000-க்கு மேல. வீட்டுல மாட்டுற ஆர்ஓ மிஷின் பொதுவா 2000 வரைக்கும்தான் தாங்கும், நாங்க கேக்காம மாட்டுனோம், எட்டு மாசத்துல மெம்பரேன், அதான் உப்பை வடிகட்டுற சவ்வு, போச்சு. அதை விட மோசம் கழிவுத்தண்ணி. ஒரு லிட்டர் நல்ல தண்ணிக்கு மூணு லிட்டர் வெளிய போகும், அதுல உப்பு இன்னும் கூடி நிக்கும், அதை வீணாக்கக்கூடாதுன்னு வாழைக்கு விட்டோம் பாருங்க, ஓரமெல்லாம் கருகி மொத்தமா போச்சு. மண்ணு மேல வெள்ளையா பூத்துக் கிடந்துச்சு.

ஆழமா போனா நல்ல தண்ணி வரும்ங்கிறது மதுரைப் பக்கத்துக் கணக்கு, இங்க ஆகாது. நம்ம கடக்கரை மணல்ல இறங்குற மழைத்தண்ணி அடியில இருக்குற உப்புத்தண்ணி மேல மிதக்குது. கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நின்னா கீழ ஏறத்தாழ 40 அடி நல்ல தண்ணி இருக்கும்னு சொல்லுவாங்க. மேல இருக்குற அந்த ஒரு அடிய மோட்டார் உறிஞ்சிருச்சுன்னா கீழ உப்பு 40 அடி ஏறிரும், அப்புறம் பக்கத்து வீட்டுக் கிணறும் சேந்து கெடும்.

அப்பத்தா சொன்ன ஊத்துல இந்தப் பிரச்சனையே இல்ல. மணல்மேட்டுல ஆள் ஆழத்துக்குத் தோண்டி, ஊறுற தண்ணிய சிரட்டையில மோந்து குடத்துல ஊத்துறது, மெதுவா எடுக்குறதால உப்பு ஏறாது. ருசியும் ஊத்துத் தண்ணிக்குத்தான், அதுல மாத்துக் கருத்தே இல்ல. ஆனா கோடையில ஒரு குடம் நிறைய அரை மணி நேரம், விடியக்காலை நாலு மணிக்குத் தள்ளுவண்டிய உருட்டிட்டுப் போறது எங்க அம்மா, நானோ தம்பியோ இல்ல. அதனால ஊத்தைப் பத்தி ரொம்பப் பெருமை பேச எனக்கு வாய் வரல.

காவிரி பைப்பு வந்தா புண்ணியம், கணக்குல சேக்கல.

கடைசியா தொட்டி. ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் மழைன்னா ஒரு லிட்டர், அவ்வளவுதான் கணக்கு. 1000 சதுர அடி மாடியில 50 மில்லிமீட்டர் மழை பெஞ்சா 4600 லிட்டர் விழும். கொஞ்சம் சிந்தி வீணாப் போனாக்கூட ஐப்பசி, கார்த்திகையில அப்படி மூணு மழை போதும், நாங்க கட்டுன ஏழுக்கு ஏழு, ஏழடி ஆழத் தொட்டி (9700 லிட்டர்) ரொம்பிரும். குடிக்க, சமைக்க நாளைக்கு 40 லிட்டர்னா 240 நாள் ஓடும், ஆவணி வரைக்கும் கவலை இல்ல. மொத மழைய மட்டும் வெளிய விட்ருங்க, காக்கா எச்சமும் கடக்காத்து உப்பும் அதோட போயிரும். வெளிச்சம் படாம மூடி வைக்கணும், இல்லைன்னா பாசி. கலவைக்கு உப்புத்தண்ணி ஊத்தவே கூடாது, கம்பி துருவேறி தொட்டி வெடிச்சிரும், கொத்தனார் பரவால்லம்பார், விடாதீங்க. செலவு? போர், மிஷின், மெம்பரேன் எல்லாம் கூட்டிப் பாத்தா எங்களுக்குத் தொட்டிதான் கம்மி.

டவுன்ல எனக்குத் தொட்டி கட்ட இடம் இல்ல, மாடித்தண்ணிய வீட்டுக் கிணத்துக்குள்ளயே விட்டுட்டேன், குடிக்க இன்னும் கேன்தான். 2003-ல மழைநீர் சேகரிப்பு எல்லா வீட்டுக்கும் கட்டாயம்னு வந்தப்ப வெறும் பைப்பை மண்ணுல சொருகுனவங்கள்ல எங்க வீட்டு ஓனரும் ஒருத்தர்.

போரை மூடியாச்சு. இப்ப அது மேல துவைக்கிற கல்லு கிடக்கு. அப்பத்தா மட்டும் வாரத்துக்கு ஒரு குடம் ஊத்துத் தண்ணி கேட்டு வாங்கிக் குடிக்குது.