ஸ்டிர்-என்-காப்பியா, எஸ்என்பிரின்ட்எஃப்பா?

பழைய சி நிரல் ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஸ்ட்ரக்சரில் (பல புலங்களை ஒன்றாக வைக்கும் அமைப்பு) பெயருக்கு 16 பைட், அதை ஒட்டியே ஊருக்கு 16 பைட். ஒருநாள் அச்சான பட்டியலில் ஒருவருடைய பெயரும் ஊரும் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாக வந்தன. எண்ணிப் பார்த்தால் பெயர் சரியாக 16 எழுத்து. நகலெடுத்தது ஸ்டிர்-என்-காப்பி (strncpy), எழுத்துச் சரத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகலெடுக்கும் சி ஃபங்ஷன்.

அதே வேலையைச் செய்யும் ஸ்டிர்காப்பியைப் (strcpy) பற்றி நீட்ட வேண்டாம். இடம் எவ்வளவு என்று அது கேட்பதே இல்லை.

ஸ்டிர்-என்-காப்பி அளவைக் கேட்கிறது, அதனாலேயே நம்பிவிடுகிறோம். ஆனால் அது பழைய யூனிக்ஸில் 14 பைட் கோப்புப் பெயர் மாதிரியான நிலையான அகலப் புலங்களுக்கு வந்த ஃபங்ஷன். மூலம், அதாவது நகலெடுக்கப்படும் சரம், இடத்தை நிரப்பிவிட்டால் முடிவுக்கான பூஜ்யத்தை (சரம் இங்கே முடிகிறது என்று சொல்லும் பைட்) போடாது. மூலம் சிறியதென்றால் மிச்சம் முழுவதையும் பூஜ்யத்தால் நிரப்பும்: 4096 பைட் பஃபரில் 5 எழுத்து வைத்தால் 4091 பூஜ்யம். கடைசி பைட்டை நாமே பூஜ்யமாக்கலாம், சரி. எங்கோ ஓரிடத்தில் அந்த வரி விட்டுப்போகும். எனக்கு விட்டுப்போனது அதுதான்.

நான் மாறியது எஸ்என்பிரின்ட்எஃப்புக்கு (snprintf): நாம் தரும் ஃபார்மட்டின்படி சரத்தை எழுதித் தரும் ஃபங்ஷன். சி மொழியின் தரத்தில் 1999 பதிப்பிலிருந்து (சி99) இருக்கிறது; முடிவுப் பூஜ்யத்துக்கும் சேர்த்தே இடம் ஒதுக்கும். ஆனால் என்னை இழுத்தது அது திருப்பித் தரும் எண். 16 பைட் இடத்தில் 20 எழுத்தைத் திணித்தால் 15-ஐ மட்டும் எழுதிவிட்டு 20 என்று சொல்லும். வந்த எண் 16-ஐத் தொட்டாலே சரம் வெட்டுப்பட்டது என்று அர்த்தம். ஸ்டிர்-என்-காப்பி திருப்பித் தருவதோ நாம் கொடுத்த அதே முகவரியை. அதை வைத்து என்ன செய்ய? பெயர் வெட்டுப்பட்டால் அசிங்கம், அவ்வளவுதான். கோப்புப் பாதை சத்தமில்லாமல் வெட்டுப்பட்டால் வேறொரு கோப்பை அழித்துவிட்டு வந்து நிற்போம். ஒரே எச்சரிக்கை: பயனர் தந்த சரத்தை நேராக ஃபார்மட் இடத்தில் கொடுக்காதீர்கள், அங்கே சதவீதக்குறி-எஸ் (%s, ‘இங்கே ஒரு சரம் வரும்’ என்ற குறி) இருக்கட்டும்.

ஸ்டிர்-எல்-காப்பி (strlcpy) என்ற நகலெடுக்கும் ஃபங்ஷனும் இதே மாதிரி மூல நீளத்தைச் சொல்லும், எழுதவும் சுருக்கம். ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தில் 1998-லேயே வந்தது. லினக்ஸின் சி நூலகமான கிளிப்சியில் (glibc) சேர 2023 ஆனது. பழைய சர்வர்களிலும் கம்பைல் ஆக வேண்டியிருந்ததால் நான் அதைத் தொடவில்லை. புதிய கணினிகள் மட்டும் என்றால் அதையே எடுப்பேன். ஃபார்மட்டை அலசும் வேலை இல்லாததால் அது வேகமும்கூட. என் நிரலில் அந்த வித்தியாசம் கண்ணில் பட்டதில்லை. சிறிய மைக்ரோகண்ட்ரோலர்களில் நான் அதிகம் எழுதியதில்லை, அங்கே கணக்கு வேறாக இருக்கலாம்.

அப்புறம், இவை எல்லாமே பைட்டைத்தான் எண்ணும். எழுத்துகளைப் பைட்டாக்கும் யுடிஎஃப்-8 முறையில் ‘வணக்கம்’ 21 பைட். 20 பைட் பஃபரில் போட்டால் கடைசிப் புள்ளியின் முதல் பைட் மட்டும் உள்ளே வந்து திரையில் கேள்விக்குறியாக நிற்கும். வெட்டுப்பட்டது என்று எஸ்என்பிரின்ட்எஃப் சொல்லிவிடும். அந்த அரைகுறை பைட்டை நீக்குவது நம் வேலை. நீக்கினாலும் ‘வணக்கம’ என்றுதான் மிஞ்சும்.