பவர்ஸின் ஃப்ளை பேபி: வரைபடத்தைப் பார்த்துக் கட்டும் ஒற்றை இருக்கை விமானம்

சியாட்டிலில் போயிங் நிறுவனப் பொறியாளராக இருந்த பீட்டர் பவர்ஸ் வடிவமைத்து, 1960-இல் முதன்முதலாகப் பறந்த ஃப்ளை பேபி, அமெரிக்காவின் பரிசோதனை விமானச் சங்கம் நடத்திய வடிவமைப்புப் போட்டியில் 1962-இல் முதற்பரிசு பெற்றது. பாகங்களெல்லாம் பெட்டியில் வந்து இறங்கும் கிட் அன்று இது. கைக்குக் கிடைப்பவை வரைபடங்களும் செய்முறை விளக்கமும்தான். மரம் தேடுவது முதல் துணி போர்த்துவது வரை மற்ற யாவும் கட்டுபவர் பாடு.

முதன்முறையாகக் கட்டுபவருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். இறக்கை ஏறக்குறைய முனைவரை ஒரே அகலத்தில் செல்வதால், இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டமான ரிப் ஒன்றுக்கு அச்சு வெட்டிவிட்டால் பெரும்பாலான ரிப்களை அதைக் கொண்டே பிளைவுட்டில் அறுத்துக்கொள்ளலாம்; உடற்பகுதியோ நேர்ப்பக்கங்கள் கொண்ட மரப்பெட்டி. மரவேலை தெரிந்தவருக்குப் புதிராக எதுவுமில்லை. ஆனால் இறக்கையின் நீளவாக்கில் சுமை தாங்கும் விட்டமான ஸ்பாருக்குரிய ஸ்ப்ரூஸ் (ஊசியிலை மர வகை) பலகையில் முடிச்சும் சாய்ந்த இழையும் இல்லாதபடி பார்த்து வாங்க வேண்டும். அங்கே சிக்கனம் கூடவே கூடாது.

கூர்ந்து பார்க்க வேண்டிய இடம் தரையிறங்கு கால். அடுக்கடுக்காக மரம் ஒட்டிச் செய்த அக்கால்களில் ஸ்பிரிங் கிடையாது. அதிர்ச்சியைத் தாங்குபவை டயர்கள் மட்டுமே. இறக்கையைக் கீழிருந்து இழுத்துப் பிடிக்கும் கம்பிகளும் சக்கர அச்சின் முனைகளிலேயே பூட்டப்படுவதால், முரட்டுத்தனமாக ஒருமுறை தரையிறங்கினாலும், அடுத்துப் பறப்பதற்கு முன் அச்சையும், கம்பியை இறுக்கும் திருகுகளான டர்ன்பக்கிள்களையும், கம்பி பூட்டும் இணைப்புகளையும் ஒவ்வொன்றாகப் பரிசோதித்தே ஆக வேண்டும். இறக்கையை மடித்து வீட்டுக் கராஜில் நிறுத்தலாம் என்பது உண்மைதான். எனினும் மடிக்கும்போதெல்லாம் கம்பிகளைக் கழற்றி மீண்டும் பூட்ட வேண்டியிருப்பதால், வாரந்தோறும் பறக்க விரும்புபவர் ஹேங்கரில் இடம் பிடிப்பதே மேல்.

65 முதல் 85 குதிரைத்திறன் கொண்ட கான்டினென்டல் எஞ்சினுடன் மணிக்குச் சுமார் 170 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். வெற்று எடை ஏறத்தாழ 275 கிலோ, உச்ச எடை 420 கிலோவை ஒட்டியது. ஆகவே சற்றுப் பருத்த விமானிக்கும் இடமுண்டு, இவ்வகை விமானங்களில் இது சிறிய சலுகையன்று. திறந்த காக்பிட்டில் குளிர்காற்று முகத்தில் அறையும் என்பதைக் குறையாகச் சொல்பவர் வேறு விமானம் பார்த்துக்கொள்வது நல்லது.

உண்மையான குறை ஒற்றை இருக்கையே. பக்கத்தில் பயிற்றுநர் அமர வழியில்லாததால், கட்டியவர் தாமே ஓட்டுவதானால் அவருடைய முதல் பறப்பே தனிப்பறப்பாகிவிடுகிறது. இதைப் போல் வாலடியில் சிறு சக்கரம் கொண்ட வால்சக்கர விமானத்தில் பழகாதவர், இதில் ஏறுமுன் பைப்பர் கப் போன்ற இரட்டை இருக்கை விமானம் ஒன்றில் பயிற்சி முடித்திருக்க வேண்டும். அதற்கான செலவையும் மரம், எஞ்சின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.