கேட் ஸ்கேல்: கேம்பிங் டிரெய்லர் இழுப்பவர்களுக்கும் உதவும் லாரி எடை மேடை

சிகாகோ பக்கமிருந்து ஐ-80 நெடுஞ்சாலையில் மேற்கே போனால், டேவன்போர்ட்டைத் தாண்டியதும் எக்ஸிட் 284-ல் வால்காட் வரும். உலகத்திலேயே பெரிய டிரக் ஸ்டாப் என்று சொல்லிக்கொள்ளும் அயோவா 80 அங்கேதான் இருக்கிறது. லாரி எடை மேடைகளை நடத்தும், 1977-ல் தொடங்கிய கேட் ஸ்கேல் கம்பெனிக்கும் அதுதான் தலைமையிடம். டிரெய்லரோடு கொலராடோ போகும் வழியில் நாங்கள் எடை போட்டது அங்கே. இது லாரிக்காரர்களுக்கான சேவை என்றாலும் நம்மைப் போன்றவர்களையும் யாரும் தடுப்பதில்லை.

எதற்காகப் போனோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் கார் 2018 டொயோட்டா ஹைலேண்டர், வி6, ஆல் வீல் டிரைவ். இழுவைத் திறன் 5,000 பவுண்டு. டிரெய்லரின் வெற்று எடை 3,600. விற்றவர் இந்த இரண்டு எண்களை மட்டும் காட்டி, "இன்னும் 1,400 மிச்சம் இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு போங்கள்" என்றார். கதவைத் திறந்து டிரைவர் பக்கச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. ஆட்களும் சாமானும் சேர்த்து வண்டிக்குள் எவ்வளவு ஏற்றலாம் என்பது அந்த லேபிளில்தான் இருக்கிறது. பேலோட் என்பது அதுதான். எங்களுக்கு 1,400 பவுண்டு.

டிரெய்லர் தன் சக்கரத்தில்தானே நிற்கிறது, காருக்கு என்ன பாரம் என்று தோன்றும். ஆனால் அதன் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் (காரையும் டிரெய்லரையும் இணைக்கும் கொக்கி) வழியாகக் காரின் மேல் இறங்குகிறது. அதைத்தான் டங் வெயிட் என்கிறார்கள். பேலோடில் கழிய வேண்டிய எடை அது. வெற்று எடை என்பதும் ஷோரூம் கணக்குதான். தண்ணீர் ஒரு காலன் எட்டே கால் பவுண்டுக்கு மேல். அப்புறம் கேஸ், பேட்டரி, படுக்கை, பாத்திரம். போதாததற்கு அம்மா தூத்துக்குடியிலிருந்து வந்திருந்ததால் டேபிள்டாப் கிரைண்டரும் ஏறியது. (அதை விட்டுவிட்டுப் போகலாம் என்ற பேச்சு ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை.)

வீட்டிலேயே ஒரு சின்ன டங் ஸ்கேலில் பார்த்ததில் 530 பவுண்டு வந்தது. நாங்கள் ஐந்து பேர் 610. காரின் பின்பக்கம் ஹிட்ச் இரும்போடு சேர்த்து 360 சொச்சம். கூட்டினால் 1,500. காகிதத்தில் நூறு பவுண்டு இடித்தது. வீட்டுத் தராசுகளை நம்பிப் போட்ட கணக்கு என்பதால், சரி, ஒழுங்கான மேடையில் ஏற்றியே பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம்.

கேட் ஸ்கேலில் மேடை ஒன்றல்ல, அடுத்தடுத்துத் தனித்தனிப் பலகைகள். காரின் முன்சக்கரம் முதல் பலகையில், பின்சக்கரம் இரண்டாவதில், டிரெய்லர் சக்கரம் மூன்றாவதில் நிற்க வேண்டும். கோட்டைப் பார்த்து மெதுவாக ஏற்றினால் ஒரே தடவையில் அமைந்துவிடும். நின்றதும் பட்டனை அழுத்தி உள்ளே இருக்கும் ஊழியரிடம் பேச வேண்டும். அந்தப் பட்டன் லாரிக்காரர் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது. கார்க்காரர் இறங்கித்தான் அழுத்த வேண்டும். முதல் எடையா, கம்பெனி பெயர் என்ன, டிரக் நம்பர் என்ன என்று கேட்டார்கள். "பிரைவேட்" என்றேன், அவ்வளவுதான். உள்ளே போய்ச் சீட்டை வாங்கிக்கொள்ளலாம். அவர்களுடைய ஆப்பில் பணம் கட்டினால் இறங்கவே வேண்டாம், எடை போனுக்கே வந்துவிடும். அம்மா கண்ணாடியை இறக்கி, "நம்மூர்ல உப்பு லாரி ஏத்துற எடை மேடைதானே இது" என்றார். அதேதான்.

முதல் சீட்டு: முன் ஆக்ஸில் (சக்கர அச்சு) 2,660, பின் ஆக்ஸில் 3,440, டிரெய்லர் 3,880, மொத்தம் 9,980. காரின் உச்ச எடையாக லேபிளில் இருப்பது 6,000. முன்னும் பின்னும் கூட்டினால் 6,100. டிரெய்லர் 5,000-க்குள் வசதியாக இருக்கும்போதே கார் வரம்பைத் தாண்டி நிற்கிறது.

ஓரமாக நிறுத்தி, நல்ல தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஏறக்குறைய 200 பவுண்டு தண்ணீரைத் திறந்துவிட்டோம். கூலரையும் இரண்டு பெட்டிகளையும் காரிலிருந்து எடுத்து டிரெய்லரின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே வைத்தோம். அதற்காக எல்லாவற்றையும் டிரெய்லரின் வால்பக்கம் தள்ளிவிடக் கூடாது. டங் வெயிட் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் வேகத்தில் டிரெய்லர் ஆட ஆரம்பிக்கும். மறுபடி ஏறினோம்: 2,700, 3,220, 3,860. கார் 5,920. பின் ஆக்ஸிலுக்கென்று லேபிளில் தனியாக இருக்கும் வரம்புக்குள்ளும் அடங்கியது.

கட்டணம் பதினைந்து டாலரை ஒட்டி. 24 மணி நேரத்துக்குள் அதே மேடையில் மறு எடை போட்டால் அதில் சிறு பங்குதான். சீட்டோடு டிரக் படம் போட்ட அட்டை ஒன்று தருகிறார்கள். சின்னவன் இப்போது அந்த அட்டைகளைச் சேர்க்க ஆரம்பித்துவிட்டான். எடை சட்டத்துக்கு உட்பட்டது என்று சீட்டு சொல்லியும் அரசு மேடையில் அபராதம் விழுந்தால் அதைக் கட்டுவோம், இல்லையென்றால் கோர்ட்டுக்கு வருவோம் என்று லாரிக்காரர்களுக்கு உத்தரவாதமே கொடுக்கிறது கம்பெனி. நமக்கு அது தேவைப்படாது. ஆனால் மேடையை எவ்வளவு அக்கறையாக வைத்திருப்பார்கள் என்பது புரியும்.

குறையும் உண்டு. டங் வெயிட்டை நேரடியாகச் சொல்லாது. டிரெய்லரைக் கழற்றிக் காரை மட்டும் இன்னொரு தடவை ஏற்றி, நாமே கழித்துக் கண்டுபிடிக்க வேண்டும். இடது வலது பக்கங்களைத் தனித்தனியாகக் காட்டாது. எடை 20 பவுண்டுப் படிகளாகத்தான் வரும்.

இன்னொன்று, அந்த 5,000 எப்படி வந்தது என்பது. வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ-யின் ஜே2807 என்ற சோதனை முறையில் டிரைவரும் கூட ஒருவரும், ஆளுக்கு 150 பவுண்டு என்றுதான் கணக்கு. ஏசியை முழுக்க வைத்து, அரிசோனாவின் டேவிஸ் டேம் மேட்டில் ஏற்றிக் காட்ட வேண்டும். கடுமையான சோதனைதான், ஆனால் காருக்குள் ஐந்து பேரும் ஒரு கிரைண்டரும் அந்தக் கணக்கில் கிடையாது. போதாததற்கு டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 1,000 அடி ஏற்றத்துக்கும் சுமார் 3 சதவீதம் சக்தி இழக்கும். கொலராடோவில் 11,000 அடிக்கு மேலே இருக்கும் ஐசனோவர் சுரங்கப்பாதைப் பக்கம் போகிறவர்கள் இதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், அரை மதிப்பெண் அந்தப் பட்டன் உயரத்துக்காகப் போகிறது. பின்னால் லாரிகள் காத்திருக்கும், அவர்களுக்கு நேரம்தான் காசு. எடை வந்ததும் மேடையை விட்டு இறங்கி, பார்க்கிங்கில் நிறுத்திவிட்டுச் சீட்டைப் படியுங்கள்.