டோ அளக்கும் தகடுகள்: தகடு நன்று, டேப் தேறாது

டை ராடு எண்டு (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டின் முனை) மாற்றியபின் முன் சக்கரங்களின் டோ அளவை, அதாவது மேலிருந்து பார்க்கையில் அவற்றின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவை, வீட்டிலேயே சரிபார்க்க உதவும் ஒரு ஜோடி தகடுகளை எங்கள் ஹேட்ச்பேக் காரில் பயன்படுத்திப் பார்த்தேன். 610 மி.மீ. நீளமுள்ள இரண்டு அலுமினியத் தகடுகளும் இரண்டு அளவு டேப்புகளுமே பெட்டியில் இருப்பவை. தகடுகளை முன் டயர்களின் வெளிப்பக்கத்தில் ஒட்டி நிறுத்தி, டயருக்கு முன்னால் ஒரு டேப்பையும் பின்னால் மற்றொன்றையும் காரின் அடியில் குறுக்காக இழுத்து மாட்ட வேண்டும். முன் அளவு குறைந்தால் டோ-இன், கூடினால் டோ-அவுட். இந்த நீளத்தில் 1 மி.மீ. வேறுபாடு சுமார் 0.09 டிகிரிக்குச் சமம்.

தகடுகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வளைவு இல்லை, டயர் தரையில் அழுந்திப் பிதுங்கும் இடத்தில் படாதவாறு கீழே வெட்டும் விட்டிருக்கிறார்கள். டயரின் பக்கவாட்டில் புடைத்திருக்கும் எழுத்துகளின் மேல் தகடு ஏறினால் மட்டும் அளவு மாறிவிடும். காரைச் சற்று உருட்டி எழுத்துகளை விலக்கிக்கொள்ள வேண்டும். குறையெல்லாம் டேப்புகளில்தான். இரண்டையும் அருகருகே விரித்து ஒப்பிட்டால் ஏறக்குறைய 1 மி.மீ. விலகுகின்றன. பல கார்களில் அனுமதிக்கப்படும் விலகலே ஓரிரு மில்லிமீட்டர்தான் எனும்போது இதைச் சிறிய பிழையென்று விட முடியாது. ஒரே டேப்பால் முன்னும் பின்னும் அளந்தால் இச்சிக்கல் இல்லை.

காற்றழுத்தம் சமமாகவும் ஸ்டீயரிங் நேராகவும் இருக்க வேண்டும் என்று கூறும் செய்முறைத் தாள், டை ராடைத் திருப்பியபின் காரைச் சில அடி உருட்டிவிட்டே மறுபடி அளக்க வேண்டும் என்பதைக் கூறவில்லை. நின்ற இடத்திலேயே திருப்பும்போது டயர் தரையைப் பிடித்துக்கொண்டு ரப்பர் புஷ்களை முறுக்கி வைத்திருப்பதால், உடனே எடுக்கும் அளவை நம்ப முடியாது. டை ராடைப் பூட்டி வைக்கும் லாக் நட்டைத் தளர்த்தி, இரு பக்கமும் கால் சுற்றுக்கு மேற்படாமல் சமமாகத் திருப்பினால் ஸ்டீயரிங் கோணாது.

இரு சக்கரங்களின் கூட்டு டோவைத் தவிர வேறெதையும் இத்தகடுகள் காட்டுவதில்லை. கேம்பர் (முன்னிருந்து பார்க்கையில் சக்கரத்தின் சாய்வு), காஸ்டர் (பக்கவாட்டில் பார்க்கையில் சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு), பின் சக்கரங்களின் திசை ஆகியவற்றுக்கு மெஷின் உள்ள கடைக்குத்தான் போக வேண்டும். கார் ஒரு பக்கம் இழுக்கிறது என்பதற்காக இதை வாங்குவது வீண்செலவு, ஏனெனில் அதற்கு டோ பெரும்பாலும் காரணமாவதில்லை. புது டயர் ஓரம் தேய்வதற்குள் டோவை ஓரளவு சரிசெய்துகொண்டு கடைவரை ஓட்டிச் செல்லவும், அங்கே செய்த அலைன்மெண்டைத் திரும்பி வந்து சரிபார்க்கவும் இது போதும். டேப் இல்லாமல் தகடுகளை மட்டும் விற்பவர் கிடைத்தால் அவரிடமே வாங்கி, நல்ல ஸ்டீல் டேப் ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம்.